ஷட்டவுன் நாள் கிட்டாரு

எங்க வீட்டுக்காரரு பேச மாட்டாரு. ஊமையெல்லாம் இல்ல, நாக்கு, பல்லு எல்லாத்தையும் ஆண்டவர் குறைவில்லாமத்தான் குடுத்திருக்காரு. ஆனா நான் என்ன சொன்னாலும் பதில் "ம்". சாம்பாருக்கு உப்பு சரியா இருக்கா? ம். அடுத்த வாரம் எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகணும். ம். வீடு தீப்பிடிச்சு எரியுது, எந்திரிச்சு வாங்கன்னு சொன்னாலும் அந்த ஒரு எழுத்துதான் வரும்போல. எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்குறவ நான். பகல் பூரா நாப்பது வாய் ஒண்ணாப் பேசிக் காது புளிச்சுப்போய் வருவேன். அதனால கல்யாணமான புதுசுல இந்த "ம்" சொகமாத்தான் இருந்துச்சு. போகப்போக சுவத்துக்கிட்டப் பேசுற மாதிரி ஆயிப்போச்சு.

அப்பேர்ப்பட்ட மனுசன், அம்பது வயசுல, மதுரைக்கு ஒரு வேலையாப் போயிட்டு முதுகுல ஆளுயரத்துக்கு ஒரு கறுப்புப் பையோட வந்து இறங்குனாரு.

"என்னங்க இது?"

"கிட்டாரு."

"யாருக்கு?"

"எனக்கு."

ஒரே நாள்ல ரெண்டு முழுச் சொல்லு. எனக்குப் பயமாயிருச்சு.

வாங்குனதுதான் வாங்குனாரு, கோயில் பாடகர் குழுவுல பையங்க வச்சிருக்க மாதிரி மரக் கிட்டாரா வாங்கியிருக்கலாம்ல? கடைக்காரன், "அண்ணாச்சி, உங்க வயசு விரலுக்கு எலக்ட்ரிக் கிட்டாரு கம்பிதான் மெத்துன்னு இருக்கும்"னு சொல்லியிருக்கான். இவரும் "ம்"னிருக்காரு. கையோட ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் தலையில கட்டிட்டான். சரி, வாங்குனாச்சு, ரெண்டு கீர்த்தனையாவது வாசிப்பாருன்னு பார்த்தா அதுவும் இல்ல. ப்ளூஸாம். கோயம்புத்தூர்ல படிக்கிற எங்க மக ஏதோ வீடியோ அனுப்பிருக்கா, அப்பாவும் மகளும் போன்ல குசுகுசுன்னு பேசி முடிவு பண்ணிருக்காக.

"ப்ளூஸ்னா என்னதுங்க?"ன்னு கேட்டேன். அன்னைக்கு இவரு சொன்ன பதில்தான் எங்க வீட்டுச் சரித்திரத்துலேயே நீளமான பேச்சு. அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேலை பார்த்த கறுப்பு சனங்க கிட்டயிருந்து வந்த பாட்டாம். மூணே மூணு கார்டுதானாம், கார்டுன்னா நாலஞ்சு கம்பியை விரலால அமுக்கிச் சேர்த்துத் தட்டுறது. மொத்தம் பன்னெண்டு கட்டம், கட்டத்துக்கு நாலு தட்டு. முதல் வரியில மனசுல இருக்க குறையைச் சொல்லணும். ரெண்டாவது வரியிலயும் அதையேதான் சொல்லணும். மூணாவது வரியில அதுக்கு ஒரு பதில். திரும்பவும் முதல்லயிருந்து. "என்னைய மாதிரி கத்துக்குட்டிக்கு இதுதான் தோது. கம்பி தப்பாப் பட்டாலும், பாவம் வருத்தத்துல வாசிக்கான்னு சனங்க விட்டுருவாக" அப்படின்னாரு.

நான் விடுவேனா? "எங்க அம்மாவும்தான் சாத்தூர்ப் பக்கம் கரிசக்காட்டுல பருத்தி எடுத்தாக. அவுக கிட்டாருக்கா போனாக? குறையைப் பக்கத்துல எடுக்குறவககிட்டச் சொல்லிட்டு, மடியை உதறிட்டு வீட்டுக்கு வந்துட்டாக. ஒப்பாரின்னாக்கூட ஒரு பொணமாவது வேணும். இதுக்கு அதுவும் வேணாம் போல. அதுலயும் சொன்னதையே ரெண்டு தடவை சொல்லணுமாம்!"

"கோயில்ல பல்லவியை நீங்கள்லாம் நாலு தடவை பாடுதீகளே"ன்னாரு. பிறகு நான் சொன்ன எதுக்கும் "ம்"தான். அப்பாடா, பழைய ஆளு திரும்பி வந்துட்டாருன்னு எனக்கே ஒரு நிம்மதி.

அடுத்த ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு, கறிக்குழம்பு சாப்பிட்டு, தெருவே கிறங்கிக் கிடக்குற நேரம். இவரு அந்தப் பெட்டியில ஒயரைச் சொருகுனாரு. எந்தப் பித்தானை எம்புட்டுத் திருகணும்னு தெரியல போல. "ஊஊஊ"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எனக்குக் கையில இருந்த தட்டு விழுந்துருச்சு. எங்களது பட்டாசு ஊரு, பலமா ஒரு சத்தம் கேட்டா யாரும் என்ன சத்தம்னு கேக்க மாட்டாக. நேரா மொட்டைமாடிக்கு ஓடி, எந்தப் பக்கம் புகை தெரியுதுன்னு பார்ப்பாக. பிறகு யாரு யாரு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கான்னு பார்ப்பாக. அன்னைக்கும் ஒரு நொடியில தெரு பூரா மாடியில நிக்குது. எதிர்வீட்டு அம்மா ஈரத்தலையோட நாலு திசையும் சுத்திச் சுத்திப் பார்க்காக. புகை எங்கயும் இல்ல. எங்க வீட்டு ஜன்னல்ல மட்டும் இவரு கிட்டாரும் கையுமா முழிச்சுக்கிட்டு நிக்காரு. எனக்கு வந்த வெக்கத்துக்கு அளவே இல்ல.

பொழுது சாயுறதுக்குள்ள தெருவுல பஞ்சாயத்து கூடிருச்சு. எல்லாரும் மரியாதையாத்தான் பேசுனாக. பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் வழி சொன்னாரு. "நாங்க வாசிக்க வேணாம்னா சொல்லுதோம்? தாராளமா வாசிங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமை கரண்ட் ஆபீஸ்ல ஷட்டவுன் போடுதாகள்ல, அன்னைக்கு நாங்க எல்லாரும் வேலை வெட்டி இல்லாமத்தான் இருப்போம். அன்னைக்கு எம்புட்டுச் சத்தமா வேணாலும் வையுங்க."

இவருக்கும் யோசனை பிடிச்சுப்போச்சு. இவரு பார்க்குறது ஒரு ஆப்செட் பிரஸ்ல, பட்டாசுப் பெட்டி லேபிள்ல கலர் சரியா விழுந்திருக்கான்னு பார்க்குற வேலை. காலையில ஒன்பதுக்குப் போனா ராத்திரி ஒன்பதாகும் வீடு வர. லேபிள் முடிஞ்சா காலண்டர் சீசன். அப்ப ஞாயித்துக்கிழமையும் போயிரும். எந்தச் சீசன்லயும் மெசினு ஓடாத ஒரே நாளு அந்த ஷட்டவுன் சனிக்கிழமைதான். அன்னைக்குக் காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இவருக்கு லீவு. எனக்கும் பள்ளிக்கூடம் லீவு. "ம்"ன்னு சொல்லி, எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு வந்துட்டாரு.

நான் மாவு ஆட்டிக்கிட்டே யோசிச்சேன். கிரைண்டர் ஓடுது. கிரைண்டர் எதுல ஓடுது? கரண்ட்ல. "ஏங்க, ஷட்டவுன் அன்னைக்கு எப்பிடிங்க கரண்ட் கிட்டாரு வாசிப்பீக?"ன்னேன். இவரு முகம் போன போக்கைப் பார்க்கணுமே! அடுத்த வீட்டுல அண்ணாச்சி சிரிக்கிற சத்தம் சுவத்தைத் தாண்டிக் கேட்டுச்சு. ஒத்துக்கிட்டு வந்தாச்சு, இனி என்ன செய்ய. அந்தப் பெட்டி மூலையில உக்காந்து போச்சு. நான் அதுமேல துணி மடிச்சு வைக்க ஆரம்பிச்சேன்.

இருந்தாலும் இவரு விடல. மொத ஷட்டவுன் சனிக்கிழமை கூடத்துல நாற்காலியைப் போட்டு, ஒயர் இல்லாத கிட்டாரை மடியில வச்சிக்கிட்டாரு. அது கொசு பாடுற மாதிரி நொய்யு நொய்யுன்னுச்சு. துணைக்கு இவரோட பழைய கூட்டாளி ஒருத்தர் வந்தாரு. முன்ன ஒரு பட்டாசுக் கம்பெனியில ரெண்டு பேரும் ஒரே மேசையில வெடிமருந்து கலக்குனவங்க. இவரு அங்கிருந்து விலகி ரெண்டு வருசம் கழிச்சு, அவருக்கு இடது கையில ரெண்டு விரல் போயிருச்சு. அதை அவரு ஒளிக்கவே மாட்டாரு. பட்டாசு விலைப்பட்டியல் பூரா தள்ளுபடி தள்ளுபடின்னு போட்டிருப்பாகள்ல, அதை வச்சு, "நம்மது ரெண்டு விரல் தள்ளுபடி மதினி"ன்னு கையைக் காட்டிச் சிரிப்பாரு. அவருக்கு ப்ளூஸும் தெரியாது ஒண்ணும் தெரியாது. பிளாஸ்டிக் வாளியைக் கவுத்துப் போட்டுத் தட்டுவாரு. ஆனா ரசிகர்னா அவருதான் ரசிகர். இவரு கம்பியைச் சுருதி கூட்டும்போதே "ஆகா!"ம்பாரு.

கரண்ட் இல்லாத நாள்ல ஊரு எப்பிடி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணும். பிரஸ் சத்தம் இல்ல, மிக்சி இல்ல, டிவி இல்ல, தலைக்கு மேல ஃபேனு இல்ல. அடுப்படியில நின்னாலும் கூடத்துல ஊசி விழுந்தாக் கேட்டுரும். நான் பரிட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டே சோத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இவரு தொண்டையைச் செருமிட்டுப் பாடுறாரு:

"ரசத்துல உப்பு இல்ல, நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல..."

எனக்குச் சிவப்புப் பேனா கையிலயே நின்னுபோச்சு. கிட்டாரு நாலு தடவை நொய்யுன்னுச்சு. திரும்ப அதையே பாடுறாரு:

"ரசத்துல உப்பு இல்ல, நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல..."

இருபத்திமூணு வருசமா நான் உப்பு சரியான்னு கேக்கேன், "ம்" "ம்"ன்னு தின்னுட்டு, இப்ப ஊரார் முன்னால வாளி மேளத்தோட குறை சொல்லுதாரா? எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆங்காரம், அடுப்படியில இருந்தே கத்துனேன்:

"டப்பா முன்னாலதான இருக்கு, எடுத்துப் போட என்ன கொள்ள!"

கூடத்துல இவரு கூட்டாளி வாளியை ஓங்கி ஒரு தட்டு தட்டி, "மதினி! மூணாவது வரி! அளவாப் பொருந்திருச்சு மதினி!"ன்னு குதிக்காரு. எட்டிப் பார்த்தா எங்க வீட்டுக்காரரு பல்லு தெரியச் சிரிக்காரு. கோவம் ஒரு பக்கம், எனக்கும் சிரிப்பு ஒரு பக்கம். பொய் சொல்லக் கூடாது, சந்தோசமாவும் இருந்துச்சு. மனுசன் இத்தனை வருசத்துல மொத தடவையா எங்கிட்ட ஒரு குறை சொல்லிருக்காரு. குறை சொல்ல வாய் இருந்தா எதையும் சொல்ல வாய் இருக்குன்னுதானே அர்த்தம்.

அப்புறம் மாசாமாசம் அதுவே பழக்கமாயிருச்சு. இவரு ரெண்டு வரி, நான் ஒரு வரி. நான் கட்டுற சேலை கலரைப் பத்தி ஒண்ணு, எங்க அண்ணன் போன் பேசுனா வைக்கவே மாட்டாகங்கிறதைப் பத்தி ஒண்ணு. நானும் ஒண்ணு கட்டுனேன்: விருதுநகர் பஸ்ஸுல மிளகாய் மூட்டைக்குப் பக்கத்துல எடம் கிடைச்சு, பள்ளிக்கூடம் போறவரைக்கும் தும்மிக்கிட்டே போன கதை. இவரு கூட்டாளி தீபாவளிக்கு முந்தி வந்து பட்டாசு வேலையைக் கெடுக்குற மழையைப் பத்திப் பாடுனாரு. பாட்டுன்னு சொல்ல முடியாது, மழையைக் கெட்ட வார்த்தையில வஞ்சாரு. அதையும் ரெண்டு தடவை. ஆனா வஞ்சு முடிச்சதும் அவரு மூஞ்சி தெளிஞ்சிருந்ததை நான் பார்த்தேன். இது ஒப்பாரி இல்ல போலன்னு அன்னைக்குத்தான் எனக்கு லேசா உறைச்சுச்சு. ஒத்துக்கிடல, மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

ஒண்ணை மட்டும் நான் விட்டுக் குடுக்கல. கணக்கு டீச்சருகிட்ட வந்து பன்னெண்டு கட்டம்னு சொல்லிட்டா, அது பன்னெண்டா இருக்கணும். இவருக்கு எப்பவும் பதிமூணுதான் வரும். ஏன்னா அந்த மூணு கார்டுல ரெண்டு சொன்ன பேச்சுக் கேக்கும். மூணாவது, பி செவன்னு ஒண்ணு, அது ராங்கி பிடிச்சது. இடது கையில நாலு விரலும் தனித்தனியா ஒவ்வொரு கம்பியைப் பிடிச்சு நிக்கணும். இவரு ஒவ்வொரு விரலா எடுத்து வைக்கிறதுக்குள்ள ஒரு கட்டம் ஓடிப்போயிரும். இவரு கூட்டாளி வாளியை வெறுமன தட்டிக்கிட்டே காத்திருப்பாரு. மூணாவது வரி சரியா அந்தக் கார்டுலதான் ஆரம்பிக்கணும். முடிச்சதும் இவரு என்னைப் பார்த்துக் கேப்பாரு, "எண்ணுனியா டீச்சர்? பன்னெண்டா?" நான் ஈவு இரக்கம் பார்க்காமச் சொல்லுவேன், "பதிமூணு."

"பத்து விரல் இருக்கு, ஒண்ணாவது சரியான கம்பியில போய் விழுதா பாருங்க"ன்னு நான் வையாத நாள் கிடையாது.

இப்பிடியே சிரிச்சுக்கிட்டுப் போயிருக்கும். ஆறேழு மாசம் கழிச்சு ஒரு ஷட்டவுன் அன்னைக்கு இவரு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாரு:

"வானத்துல பச்சை விரிச்சேன், ஒருத்தி சொன்னா, இறங்கிட்டேன்..."

அந்த ஒருத்தி நான்தான்.

பட்டாசுக் கம்பெனியில இருக்கும்போது இவரு வானத்துல போய் வெடிக்கிற அயிட்டத்துக்குக் கலர் கலக்குறவரு. அதுலயும் இவரு பச்சைக்கு ஊர்ல ஒரு பேரு உண்டு. தீபாவளி அன்னைக்கு மாடியில நின்னு பார்த்தா எனக்கே தெரியும், எத்தனை பச்சை வந்தாலும் இது நம்ம பச்சைன்னு. அதைப் பார்க்கும்போது மட்டும் இவரு மூஞ்சியில ஒரு வெளிச்சம் இருக்கும். எங்க மக பிறந்த மூணாம் மாசம், ஒரு மத்தியானம், பலமாச் சத்தம் கேட்டுச்சு. மாடிக்கு ஓடுனா, இவரு கம்பெனி இருக்க பக்கம் புகை. கைப்பிள்ளையைத் தூக்கிட்டுச் செருப்பு இல்லாம பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுனேன். கடைசியில அது வேற இடம். சாயங்காலம் இவரு எப்பவும் போல வந்து, மோரு இருக்கான்னு கேட்டாரு. நான் சொன்னேன், "நாளையில இருந்து நீங்க அங்கன போகக் கூடாது. போனா, நான் இந்தப் பிள்ளையத் தூக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்." இவரு "ம்"னாரு. மறுநாளே நின்னுட்டாரு. பிறகு பிரஸ்ல சேர்ந்தாரு. வானத்துல பச்சை விரிச்ச மனுசன், இருவது வருசத்துக்கும் மேலா அடுத்தவன் பெட்டியில ஒட்டுற பச்சை சரியா விழுந்திருக்கான்னு பார்த்துக்கிட்டு இருக்காரு. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேக்கப் பயம்.

இப்ப ரெண்டு வரி பாடியாச்சு. மூணாவது வரியில பதில் வரணும். நான் அடுப்படியில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். வாளி தட்டுது, தட்டுது, தட்டுது. இவரு விரலை வைக்காரு, எடுக்காரு, வைக்காரு. "ச்சே, பி செவன் வர மாட்டேங்குது"ன்னு கிட்டாரைக் கீழ வச்சிட்டாரு.

அடுத்த மாசமும் அப்பிடித்தான். அதுக்கு அடுத்த மாசமும் அதே ரெண்டு வரி, அதே இடத்துல நிப்பாட்டு. நிஜமாவே விரல் வரலையா, இல்ல அந்த வரியை எம் முன்னால பாட வாய் வரலையா? எனக்குத் தூக்கம் போச்சு. பிள்ளைக பேப்பர்ல தப்புக் கணக்குக்கெல்லாம் சரி போட்டுட்டேன், மறுநாள் அதுக வீட்டுல இருந்து நன்றி சொல்லிப் போன் வருது. இவரு கூட்டாளியை வாசல்லயே மடக்கிக் கேட்டேன். "எனக்குத் தெரியாது மதினி, சத்தியமா. எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்குதாரு"ன்னாரு. இவரு பாட்டு எழுதுற பிரஸ் வேஸ்ட் தாளைத் திருட்டுத்தனமா எடுத்துப் பார்த்தேன். முதல் வரி இருக்கு. ரெண்டாவது வரி இருக்கு. மூணாவது வரி இருக்க வேண்டிய இடத்துல "பி செவன்"னு எழுதி, சுத்தி வட்டம் போட்டு வச்சிருக்காரு. அடக் கடவுளே!

நான் போன்ல மககிட்ட அழுதேன். "நான்தான் உங்கப்பா பொழப்பைக் கெடுத்துட்டேன்டி. அதைத்தான் பாட்டாக் கட்டுதாரு"ன்னேன். அவ, "அம்மா, நேராக் கேட்டுற வேண்டியதுதான?"ன்னா. நேராக் கேட்டா "ம்"ன்னு சொல்லுவாரு. அந்த "ம்"முக்கு ஆமான்னு அர்த்தமா இல்லைன்னு அர்த்தமான்னு நான் மிச்ச காலம் பூரா உக்காந்து யோசிக்கணும். அதுக்கு அந்த பி செவனே வரட்டும்னு இருந்துட்டேன்.

அதுக்கு அடுத்த ஷட்டவுன் அன்னைக்கு நான் அடுப்படிக்கே போகல. காலையிலேயே சமைச்சு மூடி வச்சிட்டு, பேப்பர் கட்டோட கூடத்துல இவருக்கு எதிர்லயே நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். வந்தது வரட்டும். இவரு என்னைப் பார்த்துட்டுக் கிட்டாரை எடுத்து மடியில வச்சாரு. இவரு கூட்டாளி வாளியைக் கவுத்தாரு. பக்கத்துல உக்காந்ததும்தான் தெரிஞ்சுச்சு, அது கொசு சத்தம் இல்ல. கம்பியில விரல் உரசுறது, இவரு மூச்சு விடுறது, எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு.

"வானத்துல பச்சை விரிச்சேன், ஒருத்தி சொன்னா, இறங்கிட்டேன்..."

நான் பேப்பர் ஓரத்துல கட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கிட்டே வாறேன். நாலு.

"வானத்துல பச்சை விரிச்சேன், ஒருத்தி சொன்னா, இறங்கிட்டேன்..."

எட்டு. இவரு குனிஞ்சு கையைப் பார்த்தாரு. ஆள்காட்டி விரலை வச்சாரு. நடுவிரலை வச்சாரு. வாளி தட்டிக்கிட்டே இருக்கு. மோதிர விரல். சுண்டு விரல் ஆடுது, நழுவுது, திரும்பப் போய் உக்காருது. நாலும் நின்னுச்சு. ஒரு தட்டுத் தட்டினாரு, பி செவன் சுத்தமா வந்துச்சு. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தே பாடுனாரு:

"பத்து விரலும் பத்திரமா இருக்கு, அதான் தப்புத் தப்பா வாசிக்கேன்!"

மொதல்ல சிரிச்சது இவரு கூட்டாளிதான். எட்டு விரலாலயும் வாளியை அடிச்சு, "ஏயப்பா, இது வரி! இது வரி மதினி!"ன்னு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. சிரிப்பு நின்ன பிறகும் அந்தத் தண்ணி நிக்கல. துண்டால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டாரு. இவரு மிச்சக் கட்டத்தையும் தடவித் தடவி வாசிச்சு முடிச்சாரு.

இவரு கிட்டாரு மேல கையை வச்சிக்கிட்டு, எப்பவும் கேக்குற மாதிரி கேட்டாரு. "எண்ணுனியா டீச்சர்? பன்னெண்டா?"

பேப்பர் ஓரத்தைப் பார்த்தேன். கோடு பதிமூணு இருந்துச்சு.

"ம்"ன்னேன்.